இங்கே செய்வதில்லை

வம்பாகீரப்பாளையத்து மீனவக் குடும்பத்தில் பிறந்த அஞ்சலாட்சி, உப்பளத்தில் ஒரு சிறிய மகப்பேறு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். கை ராசியானவள் என்று பெயர். வலியில் துடிக்கும் பெண்ணின் இடுப்பை அவள் அழுத்திப் பிடித்துவிட்டால் கூச்சல் முனகலாக அடங்கும். "அந்த உசரமான சிஸ்டர் இருக்காங்களா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் பலர் உள்ளே வருவார்கள்.

ஊரார் பிள்ளைகளையெல்லாம் ஏந்திய அவளுக்குச் சொந்தப் பிள்ளை தங்கவில்லை. முதல் கரு, நாள் தள்ளிப்போன சில வாரங்களிலேயே கலைந்தது. இரண்டாவது ஐந்து மாதம் வரை வந்து, இதே மருத்துவமனையில், அவள் பிரசவம் பார்க்கும் அதே கட்டிலில் போனது. பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும் அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். உள்ளங்கை நீளத்தில் ஓர் ஆண் குழந்தை. மூக்கு அவள் கணவன் செல்வகுமாரின் மூக்கு.

விடுப்பு முடிந்து வந்த வாரத்தில், கருக்கலைப்புக்காக ஒரு பெண்ணை ஆபரேஷன் தியேட்டருக்குள் படுக்க வைத்தார்கள். கருவித் தட்டை ஏந்தி நின்ற அஞ்சலாட்சி அதைக் கீழே போட்டுவிட்டாள். மறுநாள் டாக்டர் வரலட்சுமியின் அறைக்குப் போய் நின்றாள்.

"பிரசவம் எத்தினி வேணாலும் பாக்கறேன் மேடம். இது மட்டும் என்னால முடியாது. மனசு ஒப்பல."

"சரி, விடு. பூர்ணிமா பாத்துக்கட்டும்" என்றார் டாக்டர். அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து அந்த வேலையெல்லாம் இளைய நர்ஸான பூர்ணிமாவின் தலையில் விழுந்தது. தியேட்டர் கதவு சாத்தப்படும்போது அஞ்சலாட்சி வார்டில் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. சுனாமி வந்துபோன அடுத்த வருடம், ஐப்பசி மழையில் துர்கா வந்தாள். வில்லியனூர்ப் பக்கம் ஒரு கிராமம். விடியலில் பஸ் ஏறிப் பெரிய மார்க்கெட்டில் பூக் கட்டி விற்கிறவள். புடவைத் தலைப்பில் மழைத் தண்ணீர் சொட்ட, முன்மேசைக்கு எதிரே நின்றாள். டாக்டர் உள்ளே நோயாளி பார்த்துக்கொண்டிருந்தார். பூர்ணிமா தங்கை கல்யாணத்துக்கு விடுப்பில் போயிருந்தாள்.

"ரெண்டு பொண்ணு இருக்கு சிஸ்டர். சின்னது இப்பதான் உக்கார ஆரம்பிச்சிருக்கு" என்றாள் துர்கா தணிந்த குரலில். "மறுபடி நின்னுடுச்சு. போன பிரசவத்துலயே ரத்தம் ஏத்துனாங்க. இன்னொண்ணு ஒடம்பு தாங்காது. கலைச்சுடணும்."

பூர்ணிமா திங்கட்கிழமை வருவாள், அன்றைக்கு வா என்று சொல்லியிருக்கலாம். எழுந்துபோய் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். நான் இதைச் செய்ய மாட்டேன், வேறொருவர் செய்வார் என்று உள்ளதைச் சொல்லியிருந்தாலும் போதும். அஞ்சலாட்சியின் வாயில் வந்தது வேறு.

"இங்க அதெல்லாம் செய்யறதில்லம்மா."

துர்கா நகரவில்லை. "செய்வாங்கன்னு மார்க்கெட்ல சொன்னாங்களே."

"இல்ல. தானா வந்தத எதுக்கும்மா கலைக்கற? எத்தினி பேரு இல்லாம ஏங்கறாங்க."

துர்கா தலையை ஆட்டிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனாள். அன்று மாலை மூலக்குளத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அஞ்சலாட்சிக்கு மனம் லேசாக இருந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்றுகூட நினைத்தாள். பின்னால் அவளை மிகவும் அறுத்தது அந்த மாலையின் நிம்மதிதான்.

மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கிய ஒரு நாள், துர்காவை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏதோ ஒரு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறாள். கணவனுக்குக்கூடச் சொல்லவில்லை. பல நாளாக உதிரம் போவதை மறைத்துக்கொண்டே பூ விற்றிருக்கிறாள். உடம்பு கொதித்தது. நாடி கைக்கு அகப்படவில்லை. அஞ்சலாட்சிதான் ஊசி குத்தினாள், குளுக்கோஸ் ஏற்றினாள்.

"முன்னாடி யாருகிட்டயாவது காட்டுனியாம்மா? இங்க வந்திருக்கலாமே" என்று கேட்டார் டாக்டர்.

துர்காவின் கண்கள் மெல்லத் திரும்பி அஞ்சலாட்சியின் முகத்தில் நின்றன.

"இல்லம்மா. எங்கயும் போகல."

ரத்தம் ஏற்றும் வசதி அங்கே இல்லாததால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அஞ்சலாட்சியே ஆம்புலன்ஸில் கூடப் போனாள். கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது.

துர்கா கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் அஞ்சலாட்சி கட்டிலருகே குனிந்து கேட்டாள். "நான்தான் திருப்பி அனுப்புனேன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களத் திட்டுவாங்க" என்றாள் துர்கா. "அப்புறம் நீங்க என்னைப் பாப்பீங்களா? உசுரு உங்க கையில இருந்துச்சே."

அஞ்சலாட்சி வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன்னைக் கண்டு ஒரு நோயாளி பயந்திருக்கிறாள். அதுவும் சாகக் கிடந்த நேரத்தில்.

அன்றே டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டாள். வரலட்சுமி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீ மாட்டேன்னு சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல, அஞ்சலாட்சி. அது உன் மனசு. ஆனா அவகிட்ட உன் மனசையா சொன்ன? ஆஸ்பத்திரியே செய்யாதுன்னு சொல்லியிருக்க. அவ வேற எங்க போவா?"

வேலையை விட்டுப் போகச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. டாக்டர் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பூர்ணிமாவிடமும் சொன்னாள். பூர்ணிமா டிபன் டப்பாவை மூடினாள். அவளுக்கு அப்போது நாலு மாதம். உண்டான நாளிலிருந்து எத்தனையோ முறை அவள் தியேட்டருக்குள் போய் வந்திருக்கிறாள் என்பது அஞ்சலாட்சிக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது.

"எனக்கு மட்டும் புடிச்சுப் போயா செய்யறேன்க்கா?" என்றாள் பூர்ணிமா. கோபமாகச் சொல்லவில்லை. "வந்தவங்களுக்கு யாராவது செய்யணுமேன்னு செய்யறேன். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போயி தலைக்கு ஊத்திக்கினுதான் அடுப்பாண்ட போறேன். நீங்க முடியாதுன்னு முன்னாடியே சொல்லிட்டீங்க. எனக்குச் சொல்ல எடமே இல்லாம பூடுச்சு."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, பூர்ணிமா."

"நீங்க கேக்கலையேக்கா."

அந்த வாரமே அஞ்சலாட்சி டாக்டரிடம் மறுபடி போனாள். "பூர்ணிமா பிரசவம் முடிஞ்சு வர்ற வரைக்கும் நான் தியேட்டர்ல நிக்கறேன் மேடம்" என்றாள்.

"ஒப்பாமச் செய்ய வேணாம். வேற ஆளக் கேட்டுப் பாக்கறேன்" என்றார் டாக்டர்.

"ஆளு கெடைக்கற வரைக்கும் வர்றவங்களத் திருப்பி அனுப்ப முடியாது மேடம்."

வேறு ஆள் கிடைக்கப் பல மாதம் ஆயிற்று. அதுவரை அஞ்சலாட்சி தட்டை ஏந்தி நின்றாள். படுத்திருக்கும் பெண்ணின் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். வெளியே வந்து குழாயடியில் வாந்தி எடுத்தாள். அது சரி என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. துணிக்குள் பார்த்த அந்த முகம் ஒவ்வொரு முறையும் வந்தது. ஆனால் மாட்டேன் என்று வெளியே நிற்கவும் இனி முடியவில்லை. அப்படி நின்றால் மழையில் இறங்கிப் போன முதுகு தெரிந்தது. செல்வகுமார் ஒருநாள், "ஏன் இப்படி உருகிப் போற? ஒண்ணு செய், இல்ல வுட்டுடு" என்றான். அவளுக்கு இரண்டு பக்கமும் குற்றமாகவே இருந்தது.

புது நர்ஸ் வந்த பிறகு டாக்டர் அவளைத் தியேட்டர் வேலையிலிருந்து விடுவித்தார். ஆனால் முன்மேசையில் அவள்தான் உட்கார்ந்தாள். கலைக்க வேண்டும் என்று வருகிறவர்களிடம், "எனக்கு இது ஒப்பாதும்மா. அதுக்காக நீ போயிடாத. இதோ, செய்யறவங்ககிட்ட கூட்டினு போறேன்" என்று சொல்லி, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவாள்.

துர்கா உடம்பைக் காட்ட நெடுநாள் வந்துகொண்டிருந்தாள். அஞ்சலாட்சியைக் கண்டதும் எழுந்து நிற்பாள். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டாள். அந்த மரியாதையை அஞ்சலாட்சியால் தாங்க முடியவில்லை. ஒருநாள் வராந்தாவில் அவள் கையைப் பற்றிக்கொண்டு, "என்னால உனக்கு இப்படி ஆயிடுச்சு. என்னை மன்னிச்சுடு, துர்கா" என்றாள்.

துர்கா பதறிப்போய் இரண்டு பக்கமும் பார்த்தாள். "பரவால்ல சிஸ்டர், பரவால்ல" என்றாள் அவசரமாக. பிறகு கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, மருந்துச் சீட்டை நீட்டி, "இந்த மாத்திரைய எந்த ரூம்ல குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

அஞ்சலாட்சி மருந்து வாங்கும் ஜன்னலைக் காட்டினாள். துர்கா போய் வரிசையில் நின்றுகொண்டாள்.