மேற்குக் கரைக்கு ஒரு பாதை

அக்டோபர் மாதத்து விடியலில் சாங்வோல் ஊரில் ஏரி என்று ஒன்று இருப்பதே தெரியாது. மூடுபனி மட்டும் இருக்கும். கரையோரம் நடக்கிறவர்கள் இடுப்புவரை கரைந்துபோய், தலையும் தோளுமாக மிதந்து போவார்கள். வாத்துகளின் சத்தம் கேட்கும், வாத்து தெரியாது.

அந்தப் பனிக்குள் யோம் மல்சுன் தினமும் கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவாள். சிமென்ட் பாதை முடிகிற இடத்தில் வண்டி நின்றுவிடும். அதற்கு அப்பால் மண்ணும் வில்லோ மர வேர்களும்தான். ஒருமுறை துணிந்து தள்ளிப் பார்த்தாள். முன்சக்கரம் வேரில் மாட்டி, இரண்டு பேர் வந்து தூக்கிவிட வேண்டியதாயிற்று.

கணவர் ஜோங்மான் அங்கே உட்கார்ந்து, வேலை செய்கிற இடது கையை எடுத்து மேற்குக் கரையைக் காட்டுவார். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு இல்லை. ஆனால் இந்தக் கை மட்டும் ஒருநாள் தவறியதில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நாணல் இருந்தது, தண்ணீர் இருந்தது. திரும்பி வந்து சொன்னாள். மறுநாளும் அவர் கையை நீட்டினார்.

இருவரும் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தவர்கள். எழுபதுகளில் கண்டக்டர் வேலைக்கு இளம்பெண்களைத்தான் வைப்பார்கள். படியில் தொங்கிக்கொண்டு, பஸ்ஸின் பக்கத் தகட்டை இரண்டு தட்டு தட்டி, தொண்டை கிழியக் கத்தினால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். மல்சுன் கத்தினால் பின்னால் வருகிற பஸ்ஸும் கிளம்பிவிடும் என்பார்கள். அந்தக் குரலைக் கேட்டு வண்டியெடுத்தவர் ஜோங்மான். கல்யாணத்துக்குப் பிறகு நூடுல்ஸ் கடை வைத்தபோதும் அவள் சொன்னால்தான் அவர் அடுப்பைப் பற்றவைப்பார் என்று ஊர் கேலி செய்தது. அவர் சிரித்துக்கொண்டு போய்ப் பற்றவைப்பார். இத்தனை வருஷத்தில் அவராக இங்கே போக வேண்டும் என்று கேட்டது அந்த மேற்குக் கரை ஒன்றைத்தான்.

அதனால் ஏரிப் பூங்காவைச் சீரமைக்க மாவட்டத்திலிருந்து பணம் வந்திருக்கிறது, எதற்குச் செலவழிப்பது என்று மக்கள் முடிவு செய்யலாம் என்று ஒலிபெருக்கியில் கேட்டபோது, மல்சுன் கழுவிக்கொண்டிருந்த முட்டைக்கோஸை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

அவள் கணவரைத் தள்ளிக்கொண்டு போனபோது மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. பொட்டலக் காபியும் ஆரஞ்சுப் பழமும் சுற்றி வந்தன. முன்னால் ஆளுயரப் பலகை. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று படங்கள். மேலே, ஏரியைச் சுற்றிப் படிகள் இல்லாத மரப்பாதை. நடுவில், ஏரி இப்போது இருக்கிறபடியே. கீழே, பாட்டுக்கு ஆடும் வண்ண நீரூற்று. பிடித்த படத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

விலாங்கு மீன் சுட்டு விற்கும் கடைக்காரி ஒக்ஜா முதலில் எழுந்தாள்.

"பக்கத்து ஊர்ல நீரூற்று வெச்சாங்க. சனிக்கிழமையானா வண்டி நிறுத்த எடமில்ல. நம்ம ஊர்ல சனிக்கிழமை ஏரியப் பாக்க வர்றது வாத்துதான்."

"வாத்து விலாங்கு மீன் திங்காது. அதான ஒன் கவலை?" என்றார் நாம் என்பவர். வரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஒண்ணும் செய்ய வேணாங்க. பணத்தத் திருப்பி அனுப்புங்க. ஏரி நல்லாத்தான் இருக்கு."

"திருப்பி அனுப்புனா அடுத்த வருஷம் இப்படி ஒரு ஊரு இருக்குறதையே மறந்துடுவாங்க," என்றார் குழுத்தலைவர் பியோ. "செலவு பண்ணித்தான் ஆகணும். எதுக்குங்கறதுதான் பேச்சு."

மல்சுன் எழுந்தாள். "பாதை போடுங்க தலைவரே. வண்டி போகணும். எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போகணும்னு கேக்குறாரு."

"அந்தப் பக்கம் என்ன அக்கா இருக்கு?" என்றாள் ஒக்ஜா.

"தெரியல."

சிரிப்பு எழுந்தது. "தெரியாத எடத்துக்கு ஊர்ப் பணத்துல ரோடு போடச் சொல்ற ஒரே ஆளு நீதான்," என்றார் நாம். ஆனால் சொன்னவர் ஜோங்மானைப் பார்த்ததும் ஆரஞ்சுப் பழத்தை உரிப்பதில் மும்முரமானார்.

வாக்கெடுப்பு தொடங்கியது. அந்த ஊரில் சாப்பாட்டில் மூத்தவர் கரண்டியைத் தொடாமல் மற்றவர் தொடமாட்டார்கள், இதற்கும் அதுவேதான். தொண்ணூறைத் தாண்டிய தோ ஐயாவைக் கைத்தாங்கலாகப் பலகையிடம் கூட்டிப்போனார்கள். விரல் நுனியில் ஸ்டிக்கரோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நீரூற்றுப் படத்தில், நீலத் தண்ணீருக்கு நடுவில் ஒட்டினார்.

அதற்குப்பின் வரிசை தானாக நகர்ந்தது. ஒவ்வொருவரும் பெரியவர் ஒட்டிய பொட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டினார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம் என்ற நாம்கூட அங்கேதான் ஒட்டினார். "ஐயாவுக்கு எதிரா எப்படி ஒட்டுறது?" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார். நீரூற்று சிவந்துகொண்டே போயிற்று.

மல்சுனின் முறை வந்தது. அவள் கையும் தாழ்ந்து நீரூற்றின் பக்கம்தான் போனது. வேண்டுமென்று போகவில்லை, வழக்கத்தில் போனது. சட்டென்று நிறுத்திக்கொண்டு, முதலில் கணவர் ஒட்டட்டும் என்று ஸ்டிக்கரை அவர் விரலில் வைத்து நாற்காலியைப் பலகையோடு சேர்த்து நிறுத்தினாள்.

இடது கை எழுந்தது. நீரூற்றைத் தாண்டியது. நடுப்படத்தின் ஓரம்வரை போய் நின்றது. அதற்குமேல் ஏறவில்லை. அவள் குனிந்து, அவர் கண்ணின் உயரத்திலிருந்து பார்த்தாள். மேலே அந்த மரப்பாதை, அக்கரை மாதிரியே, எட்டாத தூரத்தில் மங்கலாகக் கிடந்தது. மண்டபத்தின் பேச்சுச் சத்தம் பனிக்குள் கேட்கிற வாத்துச் சத்தம்போல எங்கோ போயிற்று. திரும்பினாள். தோ ஐயா நாற்காலியில் சாய்ந்து தன் வலது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் போய் மண்டியிட்டாள். "ஐயா, ஒங்களுக்கு எந்தப் படம் புடிச்சிருந்துச்சு?"

"பெரியவர் ஒட்டுனதுக்கப்புறம் கேள்வி கேக்குறது எந்த ஊர் வழக்கம்?" என்றார் பியோ. மல்சுனுக்குக் காது சூடானது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"மேல இருக்கே, அந்த மரப்பாதைதாம்மா," என்றார் தோ ஐயா. "கை ஏறல. எங்க ஒட்டுனா என்ன, ஒரே பலகைதானேன்னு விட்டுட்டேன்."

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் தயங்கிச் சொன்னாள், "இல்லீங்க ஐயா, கீழ ஒட்டுனா நீரூற்றுக்குப் போயிடும்."

"அப்படியா? யாரும் சொல்லலையே."

"நீங்க தெரிஞ்சுதான் ஒட்டுறீங்கன்னு..."

நாம் தலையில் கைவைத்துக்கொண்டார். "அப்ப நாம எல்லாரும் ஒரு தோள்வலிக்குப் பின்னாடி வரிசை கட்டி நின்னிருக்கோம்."

பெரியவர்தான் முதலில் சிரித்தார். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது.

"முடிஞ்சது முடிஞ்சதுதான், ஒட்டுனத எப்படிப் பிக்கிறது?" என்று பியோ ஆரம்பித்தார். மல்சுன் எழுந்து நின்றாள். பல வருஷமாக வெளியே வராத குரல் வந்தது.

"பலகைய எறக்குங்க. ரெண்டு நாற்காலி மேல படுக்க வைங்க."

கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்துவிட்டார். அந்தக் குரலுக்கு இன்னும் யாருக்கும் எதிர்த்துப் பேசத் தெரியவில்லை. ஸ்டிக்கர்களைப் பிய்த்தபோது நீரூற்றின் நீலமும் சேர்ந்து வந்து, படம் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல ஆயிற்று. இம்முறை தோ ஐயா கடைசியில் ஒட்டுவதாகப் பிடிவாதம் பிடித்தார். ஜோங்மான், படுக்க வைத்த பலகைமேல் சாய்ந்து, தன் பொட்டை ஒட்டி, பெயர்ந்துவிடாதபடி வெகுநேரம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

கொஞ்ச வித்தியாசத்தில் பாதை ஜெயித்தது. ஒக்ஜா காபிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். குளிர்காலம் முழுக்க மல்சுனைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறினாள்.

அடுத்த அக்டோபரில் பாதை திறந்தது. பணம் போதாமல் கடைசிப் பகுதியில் கைப்பிடிக்குப் பதில் கயிறுதான் கட்டியிருந்தார்கள். அன்று விடியலில் மல்சுன் நாற்காலியைத் தள்ளினாள். சிமென்ட் முடிந்தது, பலகை தொடங்கியது, சக்கரம் நிற்கவில்லை. இருபுறமும் பனி. தண்ணீரின்மேல் போகிறோமா மேகத்தின்மேல் போகிறோமா என்று தெரியவில்லை. எங்கோ மீன் துள்ளியது. வில்லோ இலைகள் பனியிலிருந்து வந்து அவர் மடியில் விழுந்தன.

மேற்குக் கரையில் நாணல் இருந்தது, தண்ணீர் இருந்தது. "வந்தாச்சு. இதுவா?" என்று கேட்டாள். முன்னால் வந்து குனிந்து பார்த்தாள். அவர் தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்து, முகம் தளர்ந்து, டிரைவர் வேலையில் மதியச் சாப்பாட்டுக்குப்பின் தூங்குவாரே, அந்தத் தூக்கம்.

பலகையில் காலடி கேட்டது. ஒக்ஜா.

"இதுக்கா அக்கா என் நீரூற்றக் கெடுத்த? இங்க ஒண்ணுமே இல்லியே."

"ஆமா. ஒண்ணுமில்ல."

ஒக்ஜா எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "தூங்குறாரா?"

"வீட்ல ராத்திரியெல்லாம் கண்ணு மூடுறதில்ல. சுவத்தையே பாத்துட்டு இருப்பாரு."

கரையில் போட்டிருந்த பெஞ்சில் மல்சுன் உட்கார, ஒக்ஜா அதன் மறுமுனையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் நெருங்கி வந்தது. இடுப்பில் ரேடியோ கட்டிக்கொண்டு நாம் காலைநடையாக வந்துகொண்டிருந்தார். மல்சுன் எழுவதற்குள் ஒக்ஜா கையை உயர்த்தி, பாட்ட நிறுத்துங்க என்று காட்டினாள்.