மேற்கண்ட பொருள் தொடர்பாக

ஒரு நாளைக்கு நாற்பது கடிதம் எழுதித் தள்ளுகிறவருக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் வராமல் போவது எப்படி? குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவு எழுத்தரைத் தெரிந்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்தது. அவருக்கு மட்டும் வரவில்லை. அவரிடம் பதில்தான் இருந்தது: நாற்காலி சரியில்லை.

பதினோரு வருடமாக நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அலுவலகத்தில் "நாவல் சார்" என்றே கூப்பிட்டார்கள். அந்தக் கேலி அவர் காதில் மரியாதையாக விழுந்தது. எழுத விரும்பினாரா, எழுதியவராக இருக்க விரும்பினாரா என்றால், இரண்டாவதற்குத்தான் சாட்சிகள் அதிகம். முன்னுரையும் அட்டைப்படமும் மனதில் தயார். முதல் பக்கம்தான் காலி.

அவர் மேசையில் உட்கார்ந்தால் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, மகள் வாய்விட்டுப் படிக்கக் கூடாது.

"நாற்காலி மாத்தியாச்சு, பேனா மாத்தியாச்சு, சுவத்துப் பெயின்ட்டும் மாத்தியாச்சு," என்றாள் மனைவி. "இனி மாத்துறதுக்கு நான்தான் பாக்கி."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியுற மாதிரி ஒரு வரி எழுதிக் காட்டுங்களேன்."

அச்சகம் வைத்திருந்த மைத்துனன் ஒரு நாள் வந்து சொன்னான்: "மாமா, ஆறு வாரத்துல அச்சகத்த மூடுறேன். அதுக்குள்ள குடுத்தா புத்தகமா போட்டுத் தர்றேன். இல்லன்னா இந்த ஜென்மத்துல நடக்காது."

அவர் முதன்முறையாகப் பயந்தார். தாளில் பேனாவை வைத்தார். "மேற்கண்ட பொருள் தொடர்பாக" என்று வந்தது. கிழித்தார். மறுபடியும் அதே. மூன்று நாள் இதே கூத்து.

தோள் மேலாக எட்டிப் பார்த்த மனைவி, "உங்களுக்கு அதுதானே வருது? அதையே எழுதித் தொலைங்க," என்றாள்.

வேறு வழியில்லாமல் தொலைத்தார். தண்ணீர் வராத தெருவிலிருந்து ஒரு பெண் பதினாறு முறை மனு கொடுக்கிறாள். ஒவ்வொரு முறையும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒருவன் பதில் போடுகிறான். அந்த ஒருவன் யாரென்று எழுதும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. மிக்ஸி ஓடியது, மகள் சத்தமாகப் படித்தாள், பேனா நிற்கவில்லை. ஐந்தாவது வாரம் நூற்று முப்பது பக்கம் முடிந்தது. நாற்காலி அதேதான்.

மனைவி படித்துவிட்டு, "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு," என்றாள். அதற்கு மேல் புகழ அதில் எதுவும் இல்லை. அதற்குக் கீழே சொல்லவும் முடியாது.

மறுநாள் மைத்துனன் அச்சகத்தில் காத்திருந்தான். இவர் கையெழுத்துப் பிரதியோடு நேரே அலுவலகம் போனார். அதற்குக் கோப்பு அட்டை போட்டு, எண் கொடுத்து, முடிவுற்ற கோப்புகளின் அடுக்கில் செருகினார். ஏனென்று மனைவி கேட்டாள், மைத்துனன் வந்து கத்திவிட்டுப் போனான். "அந்தப் பொண்ணுக்குப் போட வேண்டிய பதில் அது, போட்டாச்சு," என்றார் அவர்.