பச்சைப் பிடி போட்ட ஸ்டெயின்லெஸ் கத்தி

எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் இரும்புக் கடை ஒன்றில் விற்பனையாளராகச் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி பெட்டி பெட்டியாக மடக்குக்கத்திகளைக் காட்டினார். பிளேடு ஸ்டெயின்லெஸ்; பிடி பச்சை பிளாஸ்டிக்.

"துருவே பிடிக்காது. விவசாயிக்குன்னே பச்சைக் கலர் சொல்லி வாங்குனேன். ஆடிக்குள்ள வித்துட்டா கவுண்டர்ல இருங்க. இல்லேன்னா கன்னிவாடி உரக் குடோன்தான்."

நான் பி.காம். சந்தை ஆய்வு பற்றிப் பாடத்தில் படித்திருந்தேன். உரக் குடோனை நேரில் பார்த்திருந்தேன். வேலை செய்ய வைத்தது இரண்டாவதுதான்.

கத்தி விற்க முறை உண்டு. கையில் கொடுக்கக் கூடாது, சண்டை வரும். மேசைமேல் வைக்க வேண்டும். வாங்குபவர் எடுத்து, முன்கை முடியை மழித்துப் பார்ப்பார். சேவுகம்பட்டி விவசாயி ஒருவர் அப்படித்தான் பார்த்தார்.

"என்னப்பு, முடி மேல வழுக்கிக்கிட்டுப் போவுது? சோத்துத் தட்டுல செஞ்சதா?"

"துருப் பிடிக்காதுங்க."

"துருப் பிடிச்சா கல்லுல ரெண்டு இழுப்பு இழுத்துக்குவேன். இது கல்லுக்கே மசியாது போலருக்கே. பிடி வேற பச்சை. புல்லுல விழுந்தா நான் கத்தியத் தேடவா, மாட்டத் தேடவா? செவப்புப் பிடியில இரும்புக் கத்தி இருந்தா எடுங்க."

அந்த மாதம் ஊரில் கத்தி வழுக்கிய முன்கைகள் கூடின, பெட்டிகள் குறையவில்லை. "நீங்க சிரிச்சு விக்க மாட்டேங்கிறீங்க" என்றார் முதலாளி.

ஆனி முடியும் தறுவாயில் கத்திகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் மாங்காய்க் கீற்று விற்றுக்கொண்டிருந்தார். புளிப்பு பட்டு அவருடைய இரும்புக் கத்தி கறுத்திருந்தது.

"என்னம்மா, மை தடவி விக்கிறியா?" என்றார் ஜன்னலோரப் பயணி.

நான் ஒரு கத்தியைக் கூடைமேல் வைத்தேன். பேச்சியம்மாள் எடுத்து அறுத்தார். கீற்றில் கறை இல்லை. கத்தியைக் கூடையில் போட்டுவிட்டுச் சில்லறை கொடுத்தார். திரும்பினால் கத்தியைக் காணோம். மாங்காய்களைப் புரட்டித் தேடினார். எனக்குக் கன்னிவாடி உர வாடை அடித்தது.

"பிடி பச்சைங்க, அதான்…" என்று இழுத்தேன்.

"அட, எனக்கே தெரியலையே!" அவர் முகம் மலர்ந்தது. "போலீசுக்காரரு வந்தா மொதல்ல கத்தியத்தேன் புடுங்குவாரு. இத எங்கிட்டுப் போயிப் புடுங்குவாரு? இன்னும் எம்புட்டு வச்சிருக்கீக?"

மாங்காய், கொய்யா விற்பவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் பெட்டிகள் காலி. கவுண்டர் எனக்கு நிரந்தரமானது.

முதலாளி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "விவசாயி மனசு எனக்குத் தெரியாதா? அடுத்த லோடும் பச்சையே சொல்லிருங்க."

கத்திக்கு எந்த எஃகு என்பதை அது அறுக்கும் பொருள் சொல்லும். பிடிக்கு எந்த நிறம் என்பதை அது விழும் இடம் சொல்லும். இதை முதலாளிக்கு யார் சொல்வது என்று எந்த விதியிலும் இல்லை. நான் லோடு சொன்னேன்.