மழை டின்னில் இருந்த பாவாடை

மெழுகுவத்தியும் தீக்குச்சி மருந்தும் புளியும் கலந்த ஒரு வாசனை, ஐப்பசி பிறந்ததும் எங்கள் ஜவ்வாது மலை வீட்டின் அடுப்படி மூலையிலிருந்து கிளம்பினால், அம்மா "மழ டின்"னைத் திறந்துவிட்டாள் என்று அர்த்தம். மண் சரிந்து போளூர் பஸ் நின்றுவிட்டால் கடை கண்ணிக்குப் போக வழியிருக்காது என்பதால், சாமை அரிசி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய தீப்பெட்டி, டார்ச், காய்ச்சல் மாத்திரை எல்லாம் அந்தப் பெரிய தகர டின்னுக்குள் போகும். கூடவே எனக்கென்று ஒரு மாற்றுப் பாவாடை சட்டையும், ஒரு பிஸ்கட் பாக்கெட்டும். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில்தான் அந்தப் பாக்கெட்டை நான் தொடலாம். நமத்துப் போயிருக்கும்; ஆனாலும் அது என்னுடையது.

நான் நாலாவது படித்த வருஷம், விடாமல் பெய்த மழையில் பக்கத்து வீட்டு மண்சுவர் பட்டப்பகலில் இடிந்து விழுந்தது. அந்த வீட்டுக் கலாவும் அவள் அப்பாவும் நனைந்துகொண்டே எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தார்கள். கலா என் வகுப்புதான், தாயில்லாத பெண். அம்மா டின்னை இழுத்துத் திறந்தாள். நடுங்கியவளின் தலையைத் துவட்டி, என் பாவாடையை அவளுக்குக் கட்டிவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டையும் பிரித்து அவள் கையில் கொடுத்தாள்.

"யம்மா, அது என்னுது!"

"இன்னாடி உன்னுது? அதுக்கு வூடே வுழுந்து கெடக்குது. கம்முனு இரு."

கலா ஒரு பிஸ்கட்டை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவள் மெல்லும்போது மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. அந்த டின் பிஸ்கட்டை நான் ஒருநாளும் அப்படித் தின்றதில்லை.

சாயங்காலம் அவளுக்கு உடம்பு கொதித்தது. பாதை அடைபட்டிருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. மாத்திரையைக் கரைத்துப் புகட்டி, நெற்றியில் ஈரத்துணி போட்டு, அவளை மடியிலேயே வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கும் காய்ச்சல் வராதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்; சில்லென்றே இருந்தது. காய்ச்சல் விட்டுக் கண்ணைத் திறந்த கலா, எப்போதும் கூப்பிடும் "பெரிம்மா"வை விட்டுவிட்டு "யம்மா" என்றாள். அம்மா திருத்தவில்லை.

இப்போது சாலை அகலமாகிவிட்டது. மண் சரிந்தாலும் ஜேசிபி வந்து தள்ளிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் மண்சுவர் வீடுகளும் இல்லை, மழை டின்னும் இல்லை. கலா திருப்பத்தூரில் நர்ஸ். போன ஐப்பசியில் சார்ஜ் லைட், பவர் பேங்க், மாத்திரை மருந்து என்று ஒரு பை நிறைய அடுக்கி எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அதைத் திறந்து காட்டி, "எம்பொண்ணு வாங்கினு வந்தது" என்கிறாள். அவள் தலைக்கு மேல், நான் வாங்கிப் போட்ட இன்வெர்ட்டரில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.