கண்ணடித்த படி விளக்கு

"ஆடி, இரண்டாம் வியாழன். படி லைட்." அத்தை வரைந்த சர்க்யூட் படத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பது இவ்வளவுதான். ஆண்டை அவள் போடவில்லை. எனக்கு அம்மை போட்டு, ஆறாம் வகுப்புக்குத் தாமதமாகப் போன வருடம் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கின் மாடிப்படி விளக்கைப் போடுவது வாரம் ஒரு வீட்டின் முறை. அது யாருடைய முறை என்று சண்டை வராத வாரம் கிடையாது. அத்தை, அப்பாவின் தங்கை, பாலிடெக்னிக் முடித்து எங்களோடு இருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி அவளை வெள்ளிக்கிழமை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. ஷிப்ட் வேலை என்பதால் அப்பா வேண்டாம் என்றார். அவள் விடாமல் கேட்கவே, சலித்துப்போய், "முதல்ல அந்தப் படி லைட்டைத் தானா எரிய வை. எரிஞ்சா போ" என்றார்.

எட்டுக் கால்களோடு கறுப்புப் பூச்சி போலிருந்த ஒரு சில்லை அத்தை எனக்குக் காட்டினாள். ஆப்-ஆம்ப் என்றாள். அதன் இரண்டு கால்கள், பிளஸ், மைனஸ், கேட்பதற்கு. ஒன்று பதில் சொல்வதற்கு. கேட்கும் கால்களில் எதில் மின்னழுத்தம் ஒரு இழை கூடுதல் என்று அது பார்க்கும். அந்த இழையை லட்சம் மடங்கு பெருக்கப் போய், இடமில்லாமல் ஒரு எல்லையில் முட்டி நிற்கும்.

"அதுக்கு நடுவாந்தரமே தெரியாது. ஒண்ணு இந்தப் பக்கம், இல்லாட்டி அந்தப் பக்கம்."

"அப்பா மாதிரியா?"

"வாயைக் குறை."

ஒரு காலில், வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் சின்ன வில்லை. இன்னொன்றில், எவ்வளவு இருட்டு வேண்டும் என்று திருகி வைத்த அளவு. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடைத்துப் படியில் மாட்டினாள். அந்தி சாய்ந்ததும் பெட்டிக்குள், விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலே 'டக்' என்றது. விளக்கு எரிந்தது. உடனே அணைந்தது. மறுபடி எரிந்தது. பெட்டியைப் பல்புக்கு நேர் கீழே மாட்டியிருந்தாள். பல்பு எரிந்ததும் அந்த வெளிச்சத்தையே விடியல் என்று வில்லை நம்பியது. அணைந்ததும் இரவு என்று நம்பியது.

கீழ்வீட்டு மாமா பக்கத்திலிருக்கும் கோவில்பதாகைக்காரர். லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்து பார்த்தார். "இன்னாம்மா, பல்பு என்னப் பாத்து கண்ணடிச்சிகினு கீது? நான் குடும்பஸ்தன்மா."

படிக்கட்டே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. அப்பா வருகிற நேரம்.

நான் எட்டி, பல்புக்கும் வில்லைக்கும் நடுவே கையை நீட்டினேன். விளக்கு நிலையாக எரிந்தது. கீழே அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

"கையை எடு" என்றாள் அத்தை.

"அத்தை, அப்பா வர்றாரு."

"அதான் சொல்றேன். எடு."

எடுத்தேன். 'டக், டக்' என்று ஆரம்பித்தது. அப்பா சாப்பாட்டுப் பையோடு நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் இப்பிடி வெட்டுது?"

"தன் வெளிச்சத்தையே பாத்து ஏமாறுதுண்ணே. பதில் சொல்ற கால்லேர்ந்து பிளஸ் காலுக்கு ஒரு ரெசிஸ்டர் போடணும். அப்ப இருட்டுன்னு ஒருவாட்டி முடிவு பண்ணா, நல்லா விடிஞ்சாத்தான் மாத்திக்கும்."

"போட வேண்டியதுதான?"

"அந்த அளவுல கைவசம் இல்ல."

அப்பா இரண்டு படி ஏறினார். "நாளைக்கு அம்பத்தூர்தான போற? இண்டர்வியூ முடிஞ்சு வரும்போது வாங்கிட்டு வா."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தன் நிபந்தனையையே மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஞாபகப்படுத்தித் தொலைக்கக் கூடாதே என்று அன்று சாப்பிட்டுப் படுக்கும்வரை நான் வாயே திறக்கவில்லை.

வேலை கிடைத்தது, ரெசிஸ்டரும் வந்தது. அப்பா படி திரும்பும்போதே என் கையைப் பார்த்துவிட்டாரா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. பார்த்தார், எடுக்கச் சொன்னதும் காதில் விழுந்தது, அதனால்தான் போக விட்டார் என்கிறாள் அத்தை. வாசலில் நின்றிருந்த அம்மா, இல்லை என்கிறாள். அப்பாவிடம் கேட்க இப்போது வழியில்லை. உறுதிசெய்யப்படாதது என்றே குறித்து வைக்கிறேன்.