சிரிப்பு வரும் இடம் அக்காவுக்குத் தெரியும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று கீழ்பென்னாத்தூர் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் யாழினி கேட்டபோது நான் தயங்கினேன். அக்காவின் மனத்தை அதிகம் நோகடித்தவர்களில் நானும் ஒருவன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன். மறைத்து எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது.

அக்கா அடி அண்ணாமலையில் பிறந்தார். அப்பாவுக்கு வேர்க்கடலை போடும் சிறிய நிலம் ஒன்று உண்டு. பௌர்ணமி நாட்களில் கிரிவலப் பாதை ஓரம் சோடாவும் சுண்டலும் விற்பார். அக்காவுக்குப் பதினாறு வயதாகும்போது அம்மா இறந்துபோனார். அன்று முதல் காலையில் சோறு வடித்து, எனக்குத் தலைவாரி, அப்பாவுக்குத் தூக்குவாளியில் கட்டிக் கொடுத்துவிட்டு, பேருந்து பிடித்துத் திருவண்ணாமலைக்குப் படிக்கப் போனவர் அவர். இதைப் பற்றி ஒருநாளும் அவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் நான் சாப்பிடும்போது உப்பு கம்மி என்று சொன்னால் மட்டும், தட்டை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்தக் கோபம் அவருக்கு உண்டு.

அந்த வருடம்தான் அப்பா எங்கள் இருவரையும் நகரத்துத் திரையரங்குக்கு முதல்முறையாக அழைத்துப் போனார். ஒரு குடும்பம், அதில் நாலு சண்டை, கடைசியில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரும் படம். நான் கதாநாயகனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அக்கா அப்பாவிடம் கேட்டார்:

“அந்த டீக்கடைக்காரரா வந்தாரே, அவரு யாருப்பா? அவரு டீ ஆத்துற வேகத்துலயே அவருக்குக் கோவம்னு தெரிஞ்சுதுப்பா.”

கேட்டுவிட்டு, டீ ஆற்றுவது போலக் கையை வீசிக் காட்டிச் சிரித்தார். அம்மா போன பிறகு அக்கா அன்றுதான் சிரித்தார் என்பதை அப்பா கவனித்திருக்க வேண்டும். அதன் பிறகு மாதம் ஒருமுறை, எந்த வேலை இருந்தாலும், எங்களைப் படத்துக்கு அழைத்துப் போவார்.

லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்ததும், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். கடைசி வரை அங்கேதான் இருந்தார். ஊசியைக் கண்டு பயப்படுகிறவர்களை அவரிடம்தான் அனுப்புவார்கள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டியபடி, “இந்த வாரம் ஒரு படம் பாத்தேங்க” என்று ஆரம்பிப்பார். காட்சியை நடித்தே காட்டுவார். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. சிரித்தால் கை ஆடும், ஊசி விலகும். அதனால் சிரிப்பு வருவதற்கு ஒரு நொடி முன்பே ரத்தம் எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பார். பிறகுதான் கடைசி வரியைச் சொல்வார். ஒரு காட்சியில் எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்பது அவருக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

வெட்டுக்குத்துப் படங்களுக்கு அவர் வரவே மாட்டார். “காலையிலருந்து சாயந்தரம் வரைக்கும் ஜனங்களோட ரிப்போர்ட்ட படிக்கிறேன். அதுக்கு மேல இன்னாடா பாக்கணும்?” என்பார். யாரும் சாகாத, சண்டை போட்டவர்கள் மறுபடி பேசிக்கொள்கிற படங்கள்தாம் வேண்டும். அவற்றிலும் நடுவில் நிற்பவரைப் பார்க்க மாட்டார். ஓரத்தில் நிற்பவரைப் பார்ப்பார். ஒரு படத்தில் அண்ணன் தம்பிகள் கத்திக்கொண்டிருக்க, மூலையில் அத்தையாக நடித்த அம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். தன் பெயர் சண்டையில் அடிபட்டதும் அவர் விரல் மட்டும் நிற்கும். “அந்தம்மாவுக்கு வசனமே இல்ல. ஆனா சீன் அவங்களோடது” என்று அக்கா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எல்லோரும் எழுந்து மறைப்பார்கள். அக்கா இருக்கை மேல் ஏறி நின்றாவது அந்தப் பெயரைப் படித்துவிடுவார். கதையின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடும் கெட்ட பழக்கமும் அவருக்கு இருந்தது. அதைத் திருத்த எங்களால் முடியவில்லை.

கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டார். மாமா சொந்தமாக வேன் ஓட்டியவர். தங்கமான மனிதர். படத்தில் தூங்கிவிடுவார், ஆனாலும் அழைத்துப் போவார். யாழினிக்குப் பன்னிரண்டு வயதில் மாமா மாரடைப்பால் இறந்தார். அக்காவின் மாமியார், வயல் வேலைக்குப் போகிறவர், நாங்கள் அத்தை என்று அழைப்பவர், ஒரே மகனைப் பறிகொடுத்துவிட்டுப் பேச்சையே குறைத்துக்கொண்டார். வீட்டில் மூன்று பெண்கள். மாமா இல்லாத வீட்டை அக்காவின் வேலைதான் நிமிர்த்தி வைத்தது.

மாமா இறந்து எட்டு மாதம் கழித்து, அக்கா யாழினியை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனார். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், மகள் கல்யாணத்துக்குத் தானே சமைப்பேன் என்று கிளம்பி ஊரையே பாடாய்ப் படுத்தும் கதை. அடுத்த ஞாயிறும் அதே படத்துக்குத் தனியாகப் போனார். அன்று அவர் வாய்விட்டுச் சிரித்ததை நம் உறவில் யாரோ பார்த்துவிட்டார்கள். இரண்டே நாளில் செய்தி என்னிடம் வந்தது. நான் அப்போது நகரில் ஒரு தங்கும் விடுதியில் மேலாளராக இருந்தேன். நாலு பேர் மதிக்கிற ஆள் என்ற எண்ணம் எனக்கு. உடனே தொலைபேசியில் அழைத்தேன்.

“இன்னாக்கா இது? வருசம் கூட திரும்பல. ஊர்ல இன்னா பேசுறாங்கனு தெரியுமா?”

அக்கா, “பாத்தவங்களும் படத்துக்குத்தானே வந்திருந்தாங்க?” என்றார்.

“நீயும் அவங்களும் ஒண்ணா?”

“இல்லடா. அவங்க வூட்டுக்குப் போனா ஆம்பள இருக்காரு. எனக்கு இல்ல. அந்த ஒண்ணுதான் வித்தியாசம்.”

நான் இன்னும் கடுமையாக ஒன்று சொன்னேன். அதை அச்சில் எழுத என் கை வரவில்லை. அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார். அதன் பிறகு நான் அழைக்கவில்லை. அவரும் அழைக்கவில்லை. கார்த்திகை தீபத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறவர் அந்த ஆண்டு வரவில்லை. இப்படி ஏழு மாதம் ஓடியது.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை யாழினி பின்னர்தான் எனக்குச் சொன்னாள். செய்தி அத்தையின் காதுக்கும் போயிருக்கிறது. இரண்டு நாள் அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாராம்:

“எம் புள்ளைய மறந்துட்டு சிரிக்கிற அளவுக்கு அந்தப் படத்துல இன்னா இருக்குது?”

“மறக்கல அத்த” என்றாராம் அக்கா. “அதுல காய்கறி வண்டி ஓட்டுறவரா ஒருத்தர் வர்றாரு. வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி நாலு டயரையும் காலால தட்டுறாரு. கடைசி டயர்கிட்ட ஏதோ பேசிட்டு ஏறுறாரு. உங்க புள்ள மாதிரியே. அதப் பாக்கத்தான் ரெண்டாவது வாட்டி போனேன்.”

அத்தை எழுந்து போய்விட்டாராம். மறுநாள் காலையில் அவரே அக்காவிடம், “அந்தப் படம் இன்னும் ஓடுதா?” என்று கேட்டிருக்கிறார்.

மூவரும் போனார்கள். அத்தை திரையரங்குக்குள் நுழைந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வண்டிக்காரர் படம் முழுக்க “சரிங்க” என்ற ஒரே சொல்லைத்தான் பேசுவார். கோபத்துக்கும் சரிங்க, வெட்கத்துக்கும் சரிங்க, முடியாது என்பதற்கும் சரிங்க. முதல் டயரை அவர் தட்டியபோது அத்தை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். நாலாவது டயரில் குனிந்து அவர் பேசியபோது, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி, “அடப்பாவி, அப்படியே எம் புள்ள!” என்று கத்திவிட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். பிறகு அக்காவின் தோளில் சாய்ந்து, மகன் இறந்த அன்று அழாத அழுகையை அங்கே அழுதார். இடைவேளை வரை அக்கா அவர் கையை விடவில்லை.

இது எதுவும் தெரியாமல் நான் வீராப்பாக இருந்தேன். ஒருநாள் பகலில் அத்தை பேருந்து ஏறித் தனியாக என் விடுதிக்கே வந்துவிட்டார். வரவேற்பில் ஆட்கள் நிற்கும்போதே சொன்னார்:

“தம்பி, உங்க அக்காவ நீங்க பேசின பேச்சு தப்பு. நானும் தப்பாத்தான் நெனச்சேன். நான் அவகிட்ட சொல்லிட்டேன். நீங்களும் வந்து சொல்லுங்க.”

தண்ணீர் கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அடுத்த ஞாயிறு நான் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தேன். கதவைத் திறந்த அக்கா, “வா. சாப்டியா?” என்றார். நான் தடுமாறி ஆரம்பித்தேன்.

“மன்னிப்பெல்லாம் வேணாம். ரெண்டரை மணி நேரம் வாயத் தொறக்காம பக்கத்துல உக்காந்து படம் பாரு, போதும்” என்றார்.

உட்கார்ந்தேன். அதன் பிறகு பல ஞாயிறுகள் அப்படிப் போயின. சாயங்காலப் பேருந்து ஏறும் வரை யார் எப்படி நடித்தார் என்று பேசிக்கொண்டிருப்போம். அக்கா சொல்லித்தான் ஒரு காட்சியில் ஓரத்தில் நிற்பவரை நானும் பார்க்கப் பழகினேன். விடுதியில் அறை கேட்டு வருகிறவர்களுக்குப் பின்னால் பேசாமல் நிற்பவரையும் இப்போதெல்லாம் பார்க்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அக்காவுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. கையில் காரணமில்லாமல் கன்றிப்போன தடங்கள். ஒருநாள் உடன் வேலை செய்யும் செல்வியிடம் கையை நீட்டி ரத்தம் எடுக்கச் சொன்னார். தன் ரத்தத்தைத் தானே கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ரத்தப் புற்றுநோய். செல்வி அழுதுவிட்டார். அக்கா தகட்டைத் துடைத்து வைத்துவிட்டு, மீதி இருந்த பதினோரு பேருக்கும் ரத்தம் எடுத்து முடித்த பிறகே எனக்குச் சொன்னார்.

“ரிப்போர்ட்ட நாந்தான்டா மொதல்ல படிச்சேன். ரொம்ப பேருக்கு இந்த வசதி கிடைக்காது.”

வேலூரில் சிகிச்சை நடந்தது. நடுவில் ஒன்றரை ஆண்டு நன்றாக இருந்து வேலைக்கும் போனார். யாழினியின் கல்லூரிச் சேர்க்கைக்கு உடன் போனார். நோய் திரும்பியபோது மருத்துவர்கள் ஒளிக்காமல் பேசினார்கள். அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றார்.

கடைசி நாட்களில் கட்டிலைத் தொலைக்காட்சி இருந்த அறைக்கு மாற்றிக் கொடுத்தோம். ஒரு பிற்பகல், நின்றுபோன டவுன் பஸ்ஸைத் திரும்ப ஓடவைக்க ஒரு கிராமமே கிளம்பும் புதுப்படம் ஒன்றைப் போட்டோம். தபால்கார அம்மாவாக நடித்தவரை அக்காவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. “அந்தம்மா சைக்கிள நிறுத்துறத பாருடா” என்று என் கையைத் தட்டினார். இடைவேளை வந்ததும் களைத்துவிட்டார்.

“மீதிய நாளைக்குப் பாக்கலாம். என்ன வுட்டுட்டுப் பாத்துடாதீங்க.”

மறுநாள் காலை, யாழினி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, அத்தையின் கையைப் பிடித்தபடி அக்கா அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவுக்காக வேலூர் வரை வந்து ரத்தம் கொடுத்த கீழ்பென்னாத்தூர் இளைஞர்களுக்கும், விடுப்பு எடுத்து மருத்துவமனையில் உடன் தங்கிய செல்விக்கும், கேட்காமலே வண்டி அனுப்பிய மாமாவின் வேன் நண்பர்களுக்கும், அடி அண்ணாமலையிலிருந்து தினமும் ஒருவராவது வந்து பார்த்துப் போன எங்கள் சொந்தங்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். மகனுக்குப் பிறகு மருமகளையும் மடியில் கிடத்திக் காத்த அத்தைக்கு நன்றி என்ற சொல் போதாது. அவர் காலில் விழுந்து வணங்குகிறேன்.

இந்த மலர் அச்சுக்குப் போவதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அந்த டவுன் பஸ் படத்தின் மறுபாதியை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு, அத்தையே, “போடு புள்ள, பாத்துடலாம்” என்று யாழினியிடம் சொன்னார். மூவரும் உட்கார்ந்தோம். கனத்த மனதோடுதான் உட்கார்ந்தோம். ஆனால் இடைவேளைக்குப் பிறகு எங்கிருந்தோ அரிவாளோடு இருபது பேர் வந்தார்கள். பஸ் எரிந்தது. நீதிமன்றத்தில் கதாநாயகன் அரை மணி நேரம் பேசினான். தபால்கார அம்மா ஒரு காட்சியில் கூடத் திரும்ப வரவில்லை.

படம் முடிந்தது. யாழினி மெல்ல, “அம்மா இருந்திருந்தா டிவிய அணைச்சிருப்பாங்க மாமா” என்றாள்.

அத்தை திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “நல்ல வேள, படம் நல்லா இருந்த பாதியோட அவ போயிட்டா.”

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகு நாங்களும்.

கண்ணீரோடும் நன்றியோடும்,
தம்பி