தங்கப் பல்லி வரிசையில் ஒரு முகம்

எல்லோர் கையிலும் செல்போன் வரத் தொடங்கிய சமயம். காஞ்சிபுரம் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொடும் வரிசையில் எனக்கு முன்னால் அந்த அம்மாள் நின்றாள். பேச்சுவாக்கில் தனக்கும் என்னைப் போல நாற்பத்தெட்டு என்றாள். முகத்தில் துளித் தொய்வு கிடையாது. என் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வரிசையில் நின்ற நேரமெல்லாம் அவள் முடியை இழுத்து இழுத்துக் காதை மூடிக்கொண்டிருந்தாள். படியேறி, கூரையிலிருக்கும் பல்லியைத் தொட அவள் அண்ணாந்தபோது முடி பின்னால் சரிந்தது. காதோரம் நூலிழை போல ஒரு தையல் தழும்பு.

அவள் இறங்கியதும், கணவர் காதில் விழட்டும் என்றே கேட்டேன். "காதாண்ட என்ன தழும்பு, ஆபரேஷனா?"

அவள் கூச்சப்படவே இல்லை. "ஆமாம்மா, கன்னத்தை லேசா இழுத்துத் தெச்சாங்க. சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டேன். உங்களுக்கும் இப்பதான் தொங்க ஆரம்பிச்சிருக்குது. டாக்டர் நம்பர் தரட்டுமா?"

"எனக்கெதுக்கு?" என்று வெடுக்கென்று திரும்பிக்கொண்டேன்.

"மறைக்காம சொல்லிச்சு பாரு அந்தம்மா" என்று கணவர் வழியெல்லாம் புகழ்ந்துகொண்டே வந்தார்.

அவள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இன்னொரு தரம் கேட்டிருந்தால் நம்பரை வாங்கியிருப்பேன்.